நாம் பூசிக் கொடுத்த வீடு

நம் தெருவில் என்னோடு பாண்டி ஆடி, பம்பரம் விட்டு, இப்போது ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு அலைகிறவர்களே, உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நர்ஸக்கா வீட்டை நாமெல்லாம் சேர்ந்து பூசிக் கொடுத்தோமே, அதற்குக் காரணம் என் அம்மா என்றுதான் இன்றுவரை பேசிக்கொள்கிறீர்கள். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சேர்ந்து சிரித்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்ற தைரியம். உண்மையில் காரணம் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி நடந்தால் நம் தெரு. பாதி வீடு ஓலை, பாதி வீடு சிமெண்ட் ஷீட். நம் அப்பாக்கள் அடுத்தவர் நிலத்தில் வரப்பு வெட்டுவதை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கம்பி ஆலைகளுக்கு ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம். இரண்டு மணிச் சங்கு ஊதினால் தெருவில் சைக்கிள் மணியாகக் கேட்கும். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். தளம் போட்டு, வழவழவென்று பூசி, பெயிண்ட் அடித்த வீடு. மண் சுவருக்குள் பிறந்து, மழைக்கு மழை அந்தச் சுவரைத் திரும்ப மெழுகி வளர்ந்தவர்கள் அவர்கள். கல்லும் மண்ணும் வெளியே தெரிகிற சுவரைப் பார்த்தால் அவர்களுக்கு இல்லாமைதான் ஞாபகம் வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நம்மைப் பெற்றவர்கள் முட்டாள்கள் போலத் தெரியும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கொஞ்சம் அவசரக்காரர்கள், அவ்வளவுதான்.

அந்தத் தெருவில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸும் அவர் கணவரும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். நர்ஸக்காவுக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அவர் கணவர் செவ்வாப்பேட்டைக்காரர், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேதான் சாப்பிடுவார், குளிப்பார், கோயிலுக்குப் போவார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நமக்கு அவர் ‘நர்ஸக்கா ஊட்டுக்காரர்’. அவரே யாரிடமாவது தன்னை அறிமுகப்படுத்தினால் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

அவர்கள் கட்டியது மாதிரி ஒரு வீட்டை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர். அதனால் கல்லும் குறைவு, சூடும் உள்ளே இறங்காது. தளத்தில் கம்பிகளுக்கு நடுவே மண் சட்டிகளைக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போட்டார்கள். சிமெண்ட் மிச்சம், தலைக்கு மேல் குளிர்ச்சி. சூளையில் எரிவது விறகு, சிமெண்ட் ஆலையில் எரிவது சுண்ணாம்பு மலை, தேவைக்கு மேல் எதற்கு எரிக்க வேண்டும் என்பார் நர்ஸக்கா வீட்டுக்காரர். கிழக்குச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பழவேற்காட்டுப் பக்கமிருந்து மதியம் மூன்று மணிக்குப் புறப்பட்டு வருகிற கடல் காற்றை அந்த ஓட்டைகள் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும். உள்ளேயும் வெளியேயும் பூச்சே கிடையாது. வாசலில் ஒரு பலகை: ‘யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். இதுபோல் கட்ட விரும்பினால் வரைபடம் போட்டுத் தரப்படும்.’

அந்தப் பலகைதான் அவர்கள் உயிர். தங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதற்காக மட்டும் அவர்கள் கட்டவில்லை. தெரு முழுக்கத் தளம் போடக் காத்திருக்கிறது, ஒருவராவது பார்த்துவிட்டு இதேபோல் கட்டட்டும், பிறகு ஒவ்வொருவராக வருவார்கள் என்று நம்பினார்கள். ஒருவர்கூட வராவிட்டால் அது அவர்களுக்குத் தோற்றுப்போன வீடு.

பால் காய்ச்சிய அன்று தெருவே வந்தது. எல்லோரும் பாயசம் குடித்தார்கள், அண்ணாந்து சட்டிகளைப் பார்த்தார்கள், வெளியே வரும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்ப முடிப்பீங்க? முடிந்துவிட்டது என்று நர்ஸக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. பூசாத வீடு எப்படி முடிந்த வீடாகும்? கட்டுகிற வீட்டில் கண்ணேறு படாமலிருக்க வைக்கோல் அடைத்த பொம்மையைத் தொங்கவிடுவோமே, அதை நர்ஸக்கா கழற்றிக் குப்பையில் போட்டார். மறுநாள் காலையில் அது திரும்பவும் தொங்கியது. கழற்றினார், மறுபடியும் தொங்கியது. மூன்றாம் தடவை அதற்குப் புதுச் சட்டை வேறு போட்டிருந்தது. அது என் தம்பிக்குத் தைத்துப் பெரிதாகப் போன சட்டை. அம்மாவிடம் கேட்டபோது, வேலை முடியாத வீட்டில் பொம்மை இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் கெடுதல், நர்ஸம்மா பாவம் ஊர் வழக்கம் தெரியாதவள் என்றாள்.

எல்லோரையும்விட அதிகம் நொந்துபோனவர் என் பெரியப்பாதான். என் அப்பா, அதாவது நைனாவின் அண்ணன். நம் தெருவின் ஒரே கொத்தனார், அந்த வீட்டைக் கட்டியவரும் அவரே. வரைபடத்தில் போட்டபடி ஒரு கல் பிசகாமல் கட்டினார். ஆனால் கொத்தனாருக்குச் சுவர் என்பது உள்பாவாடை மாதிரி, பூச்சுதான் புடவை. தன் வேலையைப் புடவை கட்டாமல் நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்களே என்று குறுகிப்போனார். யாராவது அந்த வீட்டை யார் கட்டியது என்று கேட்டால், பூசுவதற்கு முன்னால் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று பதில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நமக்கோ அது சொர்க்கம். முன்னறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சட்டிகளை எண்ணுவோம். ஒருவன் எண்பது என்பான், ஒருத்தி எண்பத்து மூன்று என்பாள், அதற்கே ஒரு மூக்கு உடைந்தது. உடைந்த மூக்குக்குச் சொந்தக்காரர் இதைப் படித்துக்கொண்டிருப்பார், வணக்கம். சிவப்புத் தரை முதுகில் ஜில்லென்று இருக்கும். கிழக்குச் சுவரின் ஓட்டைகள் வழியே வெயில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தரையில் விழும். நாம் அதில் கட்டத்துக்கொரு புளியங்கொட்டை வைப்போம். வெயில் நகர நகர யாருடைய புளியங்கொட்டை நிழலுக்குப் போகிறதோ அவர் அவுட்.

அம்மாவும் வருவாள். நான்கு மாதத் தம்பியைத் தூக்கிக்கொண்டு தினமும் வருவாள். எங்கள் வீட்டுச் சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்கு அரிசியே வெந்துவிடும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ஒரு நிமிஷம் கண் மூடாது. நர்ஸக்கா டியூட்டிக்குப் போகும்போது முன்னறைச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே உத்தரத்தில் பழம்புடவையால் ஏணை கட்டிப் போட்டால் தம்பி சங்கு ஊதினால்கூட எழுந்திருக்க மாட்டான். ஆனால் அம்மா ஒருநாளும் அந்த வீடு குளிர்ச்சி என்று வாயால் சொன்னதில்லை. வீட்டுக்குக் காவலாக இருக்கிறேன் என்பாள். இல்லையென்றால், குழந்தைக்குச் சட்டி பார்ப்பது பிடிக்கிறது என்பாள். கண்ணை மூடித் தூங்குகிற குழந்தை எப்படிச் சட்டி பார்க்கும் என்று நான் கேட்டதற்கு ஒரு குட்டு விழுந்தது.

அடுத்த ஆவணியில் எங்கள் வீட்டுக்குத் தளம் போடுவது என்று நைனா கார்த்திகையிலேயே முடிவு செய்திருந்தார். செய்தி காதில் விழுந்த அன்று சாயந்தரமே நர்ஸக்கா வீட்டுக்காரர் வந்து எங்கள் மனையை அடி அடியாக அளந்துகொண்டு போனார். பத்து நாள் கழித்து, அட்டை போல் தடித்த வெள்ளைத் தாளில் எங்களுக்கென்றே ஒரு வரைபடம் போட்டு எடுத்து வந்தார். நைனா மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், காபி கொடுத்து அனுப்பினார், அவர் தெருமுனை தாண்டியதும் பரணில் தூக்கிப் போட்டார்.

போகிக்கு வீடு ஒழிக்கும்போது அது என் கையில் கிடைத்தது. சமையல் அலமாரித் தட்டுகளுக்குப் புதுத் தாள் விரிப்பது என் பொறுப்பு. செய்தித்தாள் இரண்டு மாதத்தில் எண்ணெய் இறங்கிக் கிழிந்துவிடும். இதுவோ கெட்டித் தாள், ஒரு பக்கம் பளிச்சென்ற வெள்ளை. வெள்ளை மேலே வரும்படி விரித்து, தொங்குகிற ஓரத்தைக் கத்தரிக்கோலால் அழகுக்காக முக்கோணம் முக்கோணமாக வெட்டி, உப்பு ஜாடியை நடுவில் வைத்துவிட்டு, எவ்வளவு நேர்த்தி என்று நானே கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

மாசியில் ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு நர்ஸக்கா பார்க்க வந்தார். அம்மா வெந்நீர் எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். மருந்துக்கு ஸ்பூன் தேடி அலமாரிப் பக்கம் திரும்பியவர், தொங்கிய ஓரத்தைப் பார்த்தார். ஓரத்தை லேசாகத் தூக்கினார். அடியில் அவர் கணவரின் நீல மைக் கோடுகள். அப்படியே விட்டுவிட்டு, ஸ்பூனை எடுத்து, தம்பிக்கு மருந்து கொடுத்து, சிரித்த முகமாகப் போய்விட்டார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். பின்னாலேயே போய் ஓட்டைச் சுவர் வழியாகப் பார்த்தேன். நர்ஸக்கா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் சிவப்புத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் கணவர், காதில் பென்சிலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தர்கூட வரலியேங்க” என்றார் நர்ஸக்கா. “நாம யாருக்குக் கட்னோம்?”

ஓடி வந்து அம்மாவிடம், நர்ஸக்கா அழுகிறார் என்று சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். இதுதான் நான் சொல்ல வந்த உண்மை. எனக்குத் தெரியும். தாளை விரித்தது நான், முக்கோணம் வெட்டியது நான், சொன்னால் அடி விழும்.

காரணம் தெரியாத இடத்தில் அம்மா தானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டாள். பாவம், பூசக்கூட வழியில்லாமல் அந்தப் பொம்பளை அழுகிறாள், வெளியே சொல்ல வெட்கம், அதனால்தான் வேண்டுமென்றே பூசாமல் விட்டதாகச் சமாளிக்கிறாள். குழாயடியில் சொன்னாள். குழாயடியிலிருந்து கம்பி ஆலை கேட்டுக்குப் போயிற்று. நம் தெருவில் நர்ஸக்காவிடம் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பு ஒன்றுகூட இல்லை. எத்தனை பிரசவத்துக்கு அரை மைல் ஓடி வந்திருக்கிறார். ஊருக்கே ஓடுகிறவள் அழுதால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்குமா?

பங்குனியில் நர்ஸக்காவின் தங்கைக்கு ஆர்.கே.பேட்டையில் கல்யாணம். இருவரும் ஒரு வாரம் போனார்கள். சாவி அம்மாவிடம். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே. யார் யாரோ அரை மூட்டை, கால் மூட்டை என்று சிமெண்ட் கொண்டு வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்கள் மணல் சலித்தார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். பெரியப்பா புதுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, முப்பது வயது குறைந்தவர் போல் சாரத்தில் ஏறினார். முதலில் கிழக்குச் சுவர் ஓட்டைகளைச் செங்கல் துண்டு வைத்து ஒவ்வொன்றாக அடைத்தார். கல் பற்றாமல் விட்ட ஓட்டை, பாம்பு பூரான் நுழையும் என்றார்கள். அவற்றை வரைபடத்தைப் பார்த்து எண்ணி எண்ணி விட்டவரே அவர்தான். அவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு முன்சுவரும் கிழக்குச் சுவரும் கண்ணாடி போல் வழவழவென்று பூசப்பட்டன. கடைசி நாள் நைனா ஆலையில் மிஞ்சிய பச்சை பெயிண்டைக் கொண்டு வந்தார். இயந்திரங்களுக்கு அடிக்கிற பச்சை. ஈரம் காயட்டும் என்று பெரியப்பா கத்தியதை யாரும் கேட்கவில்லை, மறுநாள் அவர்கள் வந்துவிடுவார்களே.

வாசல் நிலைக்குப் பக்கத்தில் பூச்சு ஈரமாக இருந்தபோது நாம் வரிசையாக நின்று உள்ளங்கையை அழுத்தினோம். பதினான்கு கை. பெரியப்பா கரண்டியோடு துரத்தினார். புது வீட்டுக்குக் கை வைப்பது நல்லதுதான், விடுங்கள் என்று அம்மா தடுத்தாள். நானும் அழுத்தினேன். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கல்யாணப் பையோடு இருவரும் தெருமுனையில் திரும்பினார்கள். தெருவே வாசலில் கூடி நின்றது. அம்மா பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள். தன் கையாலேயே வைக்கோல் பொம்மையை அவிழ்த்து எடுத்தாள், வேலை முடிந்துவிட்டதல்லவா.

நர்ஸக்கா சுவரைப் பார்த்தார். போய்த் தொட்டார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கணவர் வாயைத் திறந்தார், நர்ஸக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நான் அந்த அழுத்தலைப் பார்த்தேன், வேறு யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

“எத்தினி பேர் செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டார்.

எல்லாருந்தான் என்று பெருமையாகப் பதில் வந்தது. நர்ஸக்கா உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தில் டீ வைத்தார். கல்யாண லட்டைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்று அம்மாவும் அழுதாள். அவர் கணவர் மட்டும் கிணற்றடியில் ரொம்ப நேரம் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் சித்திரை வந்தது. எங்கள் வீடு எப்படியோ அப்படியே அந்த வீட்டு முன்னறையும் ஆயிற்று. காற்று வந்து சுவரில் முட்டிக்கொண்டு திரும்பிப் போனது. நாம் சட்டி எண்ணப் போவதை விட்டுவிட்டோம். தரையில் வெயில் கட்டமும் இல்லை, புளியங்கொட்டையும் இல்லை. பச்சை பெயிண்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி உப்பியது, நாம் அதைக் குத்தி விளையாடினோம். நர்ஸக்கா கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு டியூட்டிக்குப் போய்வந்தார். ஒருநாள் இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் பேசுவது கேட்டது. ஓட்டைகளை மட்டுமாவது திறந்துவிடலாமே என்றார் கணவர்.

“அவங்க கைப்பட அடச்சது. நாம தொறந்தா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்” என்றார் நர்ஸக்கா. “வேணான்னா வேணாம். வுடுங்க.”

முறத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போயிற்று. அம்மா வழக்கம்போல் தம்பியை எடுத்துக்கொண்டு நர்ஸக்கா வீட்டு முன்னறைக்குப் போனாள். நானும் போனேன். ஏணையில் போட்டதும் அவன் வீறிட்டான். தட்டினாள், பாடினாள், விசிறினாள், தோளில் போட்டு நடந்தாள். அவன் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

“முன்னெல்லாம் இங்க போட்டா தூங்குவானே” என்றாள். “இப்ப இன்னா வந்துச்சு இந்த ஊட்டுக்கு?”

நான் எங்கள் வீட்டுக்கு ஓடினேன். உப்பு ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தேன். தாளை உருவினேன். கொண்டுபோய் அம்மாவின் முன்னால் நீலக் கோடு மேலே தெரியும்படி விரித்தேன். நர்ஸக்கா அழுதது இதைப் பார்த்துத்தான் என்றேன். வெட்டினது நான்தான் என்றும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து, விரலை வைத்துப் படித்தாள். எங்கள் மனைதான். அடுப்படி, கொல்லைக் கதவு, முருங்கை மரம்கூட இருந்தது. கிழக்குச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அதற்கு நேராக உத்தரத்திலிருந்து ஒரு கோடு இறங்கி, ஒரு சின்ன ஏணை. பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில், ‘குழந்தை தூங்கும் இடம். காற்று இந்தப் பக்கமிருந்து வரும்.’

அம்மா நிமிர்ந்து, அடைத்த சுவரைப் பார்த்தாள். திரும்பவும் தாளைப் பார்த்தாள். தம்பியை என் கையில் கொடுத்தாள். வெளியே போனவள் நைனாவின் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் ஓட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். உனக்குப் பைத்தியமா, யார் வீட்டுச் சுவர் என்று கத்தினார். அம்மா அதுவரை அவர் எதிரில் நின்று பேசியதே கிடையாது. அன்றைக்கு நின்றாள்.

“இது ஓட்ட இல்ல மாமா. சன்னலு. உங்களுக்குத் தெரியும், நீங்கதான உட்டீங்க. நாம சன்னல மூடிக்கினு பூசணிக்கா ஒடச்சிருக்கோம்.”

அதற்குள் மணி மூன்று ஆகியிருந்தது. திறந்த ஒரே ஒரு ஓட்டை வழியாகக் காற்று வந்தது. பெரியப்பாவின் துண்டு அசைந்தது. அவர் அந்த ஓட்டைக்கு நேரே சோற்றுக் கையை நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கை காய்ந்துவிட்டது. பிறகு அம்மாவின் கையிலிருந்த உளியைப் பிடுங்கினார்.

“தள்ளு. நீ ஒடைக்கிற ஒடையில செவுரே வுழுந்துடும்.”

நர்ஸக்கா டியூட்டி முடிந்து வந்தபோது கிழக்குச் சுவரில் ஓட்டைகள் எல்லாம் திறந்திருந்தன. அறை முழுக்கத் தூசி. பெரியப்பா வெள்ளைப் புருவத்தோடு உட்கார்ந்திருந்தார். தம்பி ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மேலும் தூசி. நர்ஸக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“ஊடு இன்னும் முடியல நர்ஸம்மா” என்றாள். “கொஞ்சம் வேலை பாக்கி இருந்துச்சு.”

நர்ஸக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து முடியாமல், யூனிஃபார்மோடு அதே சிவப்புத் தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை எழுந்துவிடும் என்று அம்மா அவர் வாயைப் பொத்தினாள். அம்மா யார் வாயையும் அதற்குமுன் அவ்வளவு அன்போடு பொத்தி நான் பார்த்ததில்லை.

ஆவணியில் எங்கள் வீடு எழுந்தது. அதே தாளைப் பார்த்துத்தான் பெரியப்பா கட்டினார். ஓரம் முக்கோணமாகப் போய்விட்டதால் கொல்லைக் கதவு எங்கே என்று அளவு தெரியவில்லை, ஒரு குத்துமதிப்பில் வைத்தார். அதனால்தான் எங்கள் கொல்லைக் கதவு இன்றும் மூலையில் முட்டிக்கொள்கிறது. நைனா பூச்சு இல்லாமல் விடுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை, முன்சுவரை மட்டும் பூசிக்கொண்டார். ஊர்க் கண்ணுக்கு ஒரு சுவர், நம் உடம்புக்கு மூன்று சுவர் என்றார். நர்ஸக்கா வீட்டுக்காரர் அதை ஒரு தோல்வியாக நினைக்கவே இல்லை. கட்டி முடித்த அன்று சைக்கிளைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறி ஓட்ட மறந்துவிட்டார்.

அடுத்து யார் கட்டினீர்கள், யார் எத்தனை ஓட்டை விட்டீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெரியப்பா அப்புறம் பேசிய பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. பொன்னேரி வரை போய், பூச்சு என்பது வேலை தெரியாதவன் போட்டுக்கொள்கிற முகமூடி என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், போன மாதம் நர்ஸக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் மகள் ஆரம்பாக்கம் பக்கம் மனை வாங்கியிருக்கிறாள். எந்த வீடாவது கட்டிக்கொள் என்று விட்டிருப்பேன், அவளாகவே வந்து, அந்தச் சட்டி வீட்டுத் தாத்தாவிடம் வரைபடம் கேட்டு வா அம்மா என்றாள்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. பச்சைப் பூச்சு மழைக்கு மழை உதிர்ந்து செங்கல் பழையபடி வெளியே வந்துவிட்டது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் உதிரவில்லை. அதை உதிர விடவில்லை. அதற்கு மேலே ஓட்டில் ஒரு சின்னத் தாழ்வாரம் இறக்கி மழைக்கு மறைத்திருக்கிறார்கள். அதில்தான் நம் பதினான்கு கைகளும். கல்லூரிப் பிள்ளைகள் வந்து வீட்டைப் படம் பிடிப்பார்களாம். இவ்வளவு அழகான சுவரில் இந்த அசிங்கம் எதற்கு என்று கேட்பார்களாம். அது மட்டும் எங்க வேலை இல்லை என்று நர்ஸக்கா சொல்வாராம்.

நர்ஸக்கா வீட்டுக்காரருக்கு எண்பதை நெருங்குகிறது. பென்சில் காதில் இருக்கிறது, கை நடுங்குகிறது. மகளின் மனை அளவைச் சொன்னேன். முதல் கேள்வியாக, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் வரைந்திருக்கிறார். நேற்று அதை வாங்கப் போனேன். கோடுகள் கொஞ்சம் அலைகின்றன. கிழக்குச் சுவரில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இந்த வயதில் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? அன்றைக்கு எங்கள் அலமாரியில் அந்தத் தாளை விரித்தது அம்மா இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். நர்ஸக்கா தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, என் கையில் வைத்தார். கையை விடவில்லை.

“பத்திரமா எடுத்துக்கினு போ” என்றார். “இந்தத் தடவ முக்கோணமா வெட்டிடாத.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா சொல்லிவிட்டாளா?

“உங்கம்மா தன் மேலயே போட்டுக்கினா. கடைசி வரைக்கும் உன்னக் காட்டிக் குடுக்கல” என்றார் நர்ஸக்கா. “ஆனா அவ்ளோ அழகா முக்கோணம் வெட்ட எந்தப் பெரியவளுக்குப் பொறும இருக்கும்?”

வெளியே வந்து வாசல் பக்கத்துப் பூச்சில் என் கையைத் தேடினேன். கீழிருந்து இரண்டாம் வரிசை, கட்டைவிரல் கொஞ்சம் கோணல். அதன்மேல் இப்போதைய கையை வைத்தேன், அந்தக் கை முழுக்க மறைந்துபோயிற்று. உங்கள் கைகளும் அங்கேதான் இருக்கின்றன. முட்டி வலி, இடுப்பு வலி என்று சாக்குச் சொல்லாமல் ஒருநாள் வந்து பாருங்கள். மூன்று மணிக்கு வாருங்கள், காற்று வருகிற நேரம்.